கோயில் இல்லாத மலை

இஞ்சாருங்கோ,

முப்பத்தொரு வருசமா அப்பிடித்தான் கூப்பிட்டனான், இப்பவும் அப்பிடியே கூப்பிடுறன். உங்கட பேரை நான் ஒரு நாளும் வாயாலை சொன்னதில்லை. ஆனால் இந்த நாட்டிலை டொக்டரிட்டைப் போனாலும் சரி, வேலைக்குப் போனாலும் சரி, முன்னாலை திருமதி எண்டதுக்கு ஒரு "ஃப்ராவ்" போட்டு உங்கட பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகினம். நான் சொல்லாத பேருக்கு நான்தான் எழும்பிப் போறனான். நீங்கள் போய் ஒன்பது மாசமாகியும் அது நிக்கேல்லை.

ஒரு விசயம் சொல்லத்தான் எழுதுறன். நான் கூனலிலை ஏறிப்போட்டன். ஓம், உங்கட கூனல்தான். தனிய. ஆட்டைத் திவசம் முடியிறதுக்கு முதல். இனி அந்தப் படத்துக்குள்ளை இருந்து நல்லா முழுசுங்கோ, எனக்கென்ன.

கூனல் எண்டால் உங்களுக்குத் தெரியும், இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையிலை ரெண்டே ரெண்டு பஸ் போற ஒரு குக்கிராமம். அதுக்குப் பின்னாலை முதுகு வளைஞ்ச மாதிரி ஒரு மலை. மேலை கோபுரம் இல்லை, கோப்பிக் கடை இல்லை, கேக் இல்லை. அதாலை ஜேர்மன்காரரே பக்கத்து மலைக்குத்தான் போகினம். வரைபடத்திலை அதுக்கு ஒரு பேர் இருக்கு, வாய்க்குள்ளை நுழையாது. நீங்கள்தான் பஸ் தரிப்பிலை நிண்டு பாத்துப்போட்டு "கூனல்" எண்டு வைச்சனீங்கள். வருசத்திலை நாலைஞ்சு தரம் அதிலை ஏறாமல் உங்களுக்கு இருக்க ஏலாது. நான் கீழை கார் நிப்பாட்டுற இடத்திலை தேத்தண்ணிப் போத்தலோடை இருப்பன்.

ஏன் நான் கீழை இருந்தனான்? அதையும் சொல்லத்தான் வேணும். கலியாணம் முடிச்சு வந்த புதுசு. "ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவம்" எண்டு சொன்னனீங்கள். மலைக்குப் போறதெண்டால் வேறை என்னத்துக்கு? தலை முழுகி, கூறைச்சீலைக்கு அடுத்த நல்ல சீலையைக் கட்டி, ஒரு தேங்காய், கற்பூரம், வெத்திலைக்குப் பதிலா ஏதோ ஒரு இலை எல்லாம் பையிலை வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன். அரைவாசித் தூரத்திலை "கோயில் இன்னும் எவ்வளவு தூரம்?" எண்டு கேட்டன். நீங்கள் அந்தச் சேத்துக்குள்ளை குந்தியிருந்து சிரிச்சனீங்களே, கண்ணிலை தண்ணி வர வர. "மலையிலை என்ன கோயிலடி! சும்மா மலை!" எண்டு.

சும்மா மலையிலை ஆரும் சும்மா ஏறுவினமோ எண்டு எனக்கு விளங்கேல்லை. அந்தக் கோவத்திலை திரும்ப, செருப்பு வழுக்கி, சீலையோடை சேத்துக்குள்ளை விழுந்தன். நீங்கள் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டிட்டு ஒரு சொல்லுச் சொன்னனீங்கள்: "உனக்கு ஏலாது, நீ கீழை இரு." அண்டைக்குக் கீழை இருந்தனான்தான், பேந்து ஏறேல்லை. தேங்காயைக் கார் தரிப்பிலை ஒரு கல்லிலை அடிச்சு உடைச்சு ரெண்டு பேரும் திண்டனாங்கள். அது மட்டும் நல்ல தேங்காய்.

போன மாசம் ரெலிபோன் வந்தது. நீங்கள் "பெட்டிக் கிழவன்" எண்டு சொல்லுவீங்களே, கூனலின்ர உச்சியிலை கிடக்கிற தகரப் பெட்டியையும் அதுக்குள்ளை கிடக்கிற புத்தகத்தையும் பாக்கிற மலைச் சங்கத்துக் கிழவர். ஏறுற ஆக்கள் தங்கட பேரை எழுதிற புத்தகம். அவர் உங்களைத்தான் கேட்டார். நீங்கள் செத்தது அந்த மனுசனுக்குத் தெரியாது. சொன்னன். பேந்து அவர் சொன்னார், புத்தகம் முடிஞ்சு போச்சாம், ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஏறி அதை எடுத்துக்கொண்டு புதுசு வைக்கப் போறாராம். பழசு சங்கத்தின்ர அலுமாரிக்குள்ளை போயிடுமாம். "உங்கட மனுசன்தான் அதிலை எல்லாரையும் விடக் கூட எழுதினவர். நீங்கள் ஏற வேண்டாம், நான் வீட்டை கொண்டுவந்து காட்டுறன்" எண்டார்.

நல்ல மனுசன். ஆனால் எனக்கு என்ன பிடிச்சுதோ தெரியாது, "வேண்டாம், நான் மேலை வாறன்" எண்டு சொல்லிப்போட்டன்.

ஏன் தெரியுமோ? நீங்கள் ஏறி இறங்க ரெண்டரை மணித்தியாலம். உங்கட சீவியத்திலை எனக்குத் தெரியாததெண்டு ஏதும் இருந்தால் அது அந்த ரெண்டரை மணித்தியாலம்தான். சாப்பாடு தெரியும், வருத்தம் தெரியும், என்ன கனவு கண்டு பிதற்றுவீங்கள் எண்டதும் தெரியும். மேலை போய் நிண்டு என்ன செய்தனீங்கள் எண்டு மட்டும் தெரியாது. அதை ஒரு ஆள் பையிலை போட்டுக்கொண்டு வந்து என்ர சோபாவிலை வைச்சுக் காட்டுறதோ? நான் என்ர காலாலை போய்ப் பாக்கோணும். அதுவும் அலுமாரிக்குள்ளை போறதுக்கு முதல்.

கதை எப்பிடித்தான் பறந்ததோ, அடுத்த நாளே பொண் நகரத்திலை இருந்து உங்கட அக்கா போன் எடுத்தா.

"என்ன பிள்ளை, மலை ஏறப் போறியாம்?"

"ஓம் மச்சாள்."

"வருசம் திரும்புமட்டும் மலை ஏறக்கூடாதெண்டு உனக்கு ஆரும் சொல்லித் தரேல்லையோ? இன்னும் மூண்டு மாசம். பொறுக்க ஏலாதோ?"

"மச்சாள், அது மலைக்கோயிலுக்கு. செத்த வீட்டுத் துடக்கோடை சாமியிட்டைப் போகக்கூடாதெண்டு வைச்ச முறை. அங்கை சாமியும் இல்லை, பூசையும் இல்லை. ஒரு தகரப் பெட்டி கிடக்கு, அவ்வளவுதான். உங்கட தம்பியே சொன்னவர், சும்மா மலை எண்டு."

"மலை எண்டால் மலைதான். சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம்? அந்தக் கண்டறியாத மலைக்கு ஜேர்மன்காரனே வாறேல்லை. எங்கட சனம் ஆர் வந்து பாக்கப் போகுது?"

"அவன் இருந்திருந்தால் உன்னை விட்டிருப்பானோ?"

அடுப்பிலை கறி எண்டு சொல்லிப் போனை வைச்சன். ஏனெண்டால் அது உண்மை. நீங்கள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீங்கள்.

லைப்சிக்கிலை இருந்து மகள் துளசி எடுத்தாள். அவளுக்குத் துடக்கும் இல்லை, சனமும் இல்லை, என்ர முழங்கால்தான் கவலை. "அம்மா, உங்களாலை ஏலாது. வேணுமெண்டால் நான் கிறிஸ்மஸ் லீவிலை வாறன், சேர்ந்து போவம்." ஏலாது, ஏலாது. இந்தச் சொல்லை உங்கட வீட்டிலை எல்லாரும் பால்குடியோடை பழகினனீங்களோ? இருபத்தாறு வருசம் முதியோர் இல்லத்திலை சலவைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி இறங்கின கால் இது. லிப்ற் பழுதான நாளிலை ஆரும் வந்து "ஃப்ராவ், உங்களாலை ஏலாது, கீழை இருங்கோ" எண்டு சொல்லேல்லையே.

சப்பாத்து வாங்கினன். மலை ஏறுற சப்பாத்து, கணுக்காலுக்கு மேலை வரும். ஜக்கெட்டும் வாங்கினன். சிவப்பு. கடைக்காரப் பெட்டை சாம்பல் நிறம் ஒண்டைத்தான் முதல் காட்டினவள். நான் சிவப்பைக் கையாலை காட்டினன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலை போய் ஒன்பதரைக்கு இறங்கினன். நாங்கள் கார் விடுற இடத்தைத் தாண்டேக்கை கால் தானா நிண்டுது. என்ர இடம் அது. அதுக்கு அங்காலை எனக்கு ஒரு அடியும் தெரியாது.

நீங்கள் சொல்லுவீங்கள், மரத்திலை வெள்ளைக் கோடு போட்டிருக்கும், அதைப் பாத்துக்கொண்டு போனால் உச்சி எண்டு. நல்ல கதை! மரம் எங்கை இருக்கு? வண்டு அரிச்சுச் செத்த மரமெல்லாத்தையும் வெட்டிப்போட்டாங்கள். மலை மொட்டையாக் கிடக்கு. போன மாரியிலை நீங்கள் ஏறேக்கையே இப்பிடித்தானோ? எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே. வெட்டின மரங்களை வழிக்கரையிலை அடுக்கி வைச்சிருக்கு. அந்த அடுக்குக்குள்ளை ஒரு மரத்திலை வெள்ளைக் கோடு இருந்தது. படுத்துக் கிடக்கிற மரத்தின்ர கோட்டை நம்பி நான் வலப்பக்கம் திரும்பினன். எனக்கு மூளை இருந்தால் அப்பிடிச் செய்திருப்பனோ?

முக்கால் மணித்தியாலம் நடந்து ஒரு வேட்டைக்காரப் பரணுக்குக் கீழை போய் நிண்டன். அங்காலை வழியில்லை. முள்ளுப் பத்தை. மணி பத்தரை தாண்டீட்டுது. இந்த நாட்டிலை டெர்மின் எண்டு குறிச்ச நேரம் தவறினால் கதை முடிஞ்சுது, உங்களுக்கும் தெரியும். பன்னிரண்டுக்கு எண்டால் அந்தக் கிழவர் பன்னிரண்டுக்குப் புத்தகத்தைப் பையிலை வைப்பார். போன் எடுத்துப் பாத்தன், சிக்னல் ஒரு கோடும் இல்லை.

அந்தப் பரணுக்குக் கீழை நிண்டு உங்களை நல்ல பேச்சுப் பேசினன். இஞ்சை எழுத ஏலாத பேச்சு. முப்பத்தொரு வருசம் ஏறின ஆள், ஒரு நாளாவது "இஞ்சாலை திரும்பு, அங்காலை திரும்பாதை" எண்டு சொல்லித் தந்திருக்கலாம்தானே? வீட்டுக்கு வந்து காத்தைப் பற்றிக் கதைச்சீங்கள், நரியைக் கண்டதெண்டு கதைச்சீங்கள். வழியைச் சொல்லேல்லை. வராத ஆளுக்கு ஏன் வழி எண்டு நினைச்சீங்களோ?

பேசி முடிய எனக்கு ஒண்டு விளங்கினது. உச்சி எண்டால் மேலைதான் இருக்கும். மேலை போற பக்கம் எதுவோ அதாலை போனால் சரி. முள்ளுக்குள்ளாலை நேரா ஏறத் துவங்கினன். வெட்டின அடிக்கட்டைகளைப் பிடிச்சுப் பிடிச்சு, ரெண்டு இடத்திலை நாலு காலிலை. ஒருக்கா விழுந்தன். இந்தமுறை ஆரும் கையைப் பிடிச்சுத் தூக்க இல்லை, "கீழை இரு" எண்டு சொல்லவும் இல்லை. எழும்பி மண்ணைத் தட்டிப்போட்டு நடந்தன். வலப்பக்க முழங்கால் தன்ர பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது, நான் காது குடுக்கேல்லை.

உச்சிக்குப் போய்ச் சேர ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிசம். கல்லுக் குவியல், அதிலை தகரப் பெட்டி, பக்கத்திலை கிழவர் கோப்பி குடிச்சுக்கொண்டு இருந்தார்.

"புத்தகத்தைப் பையிலை வைச்சிட்டன்," எண்டார். "பேந்து கீழை ஒரு சிவப்பு ஜக்கெட் பிழையான பக்கம் போறது தெரிஞ்சுது. பிறகு நேரா மேலை வாறது தெரிஞ்சுது. திருப்பி வெளியிலை எடுத்திட்டன்."

"கண்டனீங்கள் எண்டால் கூப்பிட்டிருக்கலாமே?"

"நினைச்சன். பிறகு பாத்தன், நீங்கள் ஏறிக்கொண்டிருந்தீங்கள். ஏன் உங்களைக் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

மூச்சு வாங்கிக்கொண்டு கல்லிலை இருந்தன். அவர் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நீங்கள்தானோ அந்த ரெண்டாவது ஆள்?"

எனக்கு விளங்கேல்லை. அவர் புத்தகத்தை விரிச்சு என்ர மடியிலை வைச்சார். திகதி, பேர், எத்தினை ஆக்கள், குறிப்பு எண்டு நாலு நிரல். திகதிக்குப் பக்கத்திலை உங்கட பேர், விண்ணப்பப் படிவம் நிரப்புற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா. ஆக்கள்: ரெண்டு. பக்கத்தைத் திருப்பினன். உங்கட பேர். ஆக்கள்: ரெண்டு. இன்னொரு பக்கம். ரெண்டு. பன்னிரண்டு வருசத்துப் புத்தகம், ஒரு இடத்திலையும் பிசகேல்லை. குறிப்பிலை தமிழ். "சரியான காத்து." "நரி ஒண்டு." "தேத்தண்ணி ஆறப்போகுது, இறங்கிறம்."

இறங்கிறமாம். ஆரோடை இறங்கினனீங்கள்?

"ஒரு தரம் பனிக்குள்ளை அவருக்குப் பின்னாலை ஏறினனான்," எண்டார் கிழவர். "ஒரு சோடிக் காலடிதான் இருந்தது. இஞ்சை வந்து பாத்தால் ரெண்டு ஆக்கள் எண்டு எழுதிக் கிடக்கு. கேக்க வெக்கமா இருந்தது. அதுதான் இப்ப கேக்கிறன்."

அழுதன். ஆனால் நீங்கள் நினைக்கிற அழுகை இல்லை. கோவம். சரியான கோவம். நான் கீழை கார்க் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு குளிருக்குள்ளை இருக்கிறன், நீங்கள் மேலை என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததெண்டு எழுதிப்போட்டு வாறீங்கள். இத்தினை தரம் எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு ஒருக்கா, ஒரே ஒருக்கா, "வாவன், மெல்ல மெல்ல ஏறுவம்" எண்டு கேக்கத் தெரியேல்லையோ? நான் வந்திருப்பன். முழங்கால் நல்லா இருந்த காலத்திலை ஓடி வந்திருப்பன்.

சரி, நானும் கேக்கேல்லைத்தான். காருக்குள்ளை கம்பளியைப் போத்துக்கொண்டு ரெலிபோனிலை நாடகம் பாக்கிறது எனக்கும் பிடிச்சுத்தான் இருந்தது. அது என்ர பிழை, அதை நான் சுமக்கிறன். உங்கட பிழையை உங்களுக்குச் சொல்லாமல் விட மாட்டன். செத்த ஆள் எண்டு பாத்துப் பாத்து ஒன்பது மாசம் நல்லதை மட்டும் கதைச்சாச்சு.

பென்சிலை எடுத்து அந்த "ரெண்டு" எல்லாத்தையும் வெட்டுவம் எண்டு வெளிக்கிட்டன். முதலாவதிலை வைச்ச பென்சில் நகரேல்லை. பொய்தான், ஆனால் உங்கட கையாலை எழுதின பொய். அதை வெட்ட எனக்கு மனம் வரேல்லை. புத்தகத்தை மூடி அவரிட்டைக் குடுத்தன்.

அவர் புதுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். முதல் பக்கம் வெறுமையா இருந்தது. "நீங்களே துவக்குங்கோ," எண்டார்.

எழுதுறதுக்கு முதல் ஒரு வேலை செய்தன். எழும்பி, நீங்கள் ஏறி வாற பக்கம் எண்டு கிழவர் காட்டின பக்கம் திரும்பி நிண்டு, உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். ஓம், பேரைத்தான். இஞ்சாருங்கோ இல்லை. முப்பத்தொரு வருசத்திலை முதல் தரம், தொண்டை கிழிய. அந்த மொட்டை மலையிலை மறைக்க ஒரு மரமும் இல்லை, பேர் எட்டின மட்டும் போனது. உங்கட அக்கா கேட்டிருந்தால் ஆஸ்பத்திரியிலை கிடந்திருப்பா. கிழவர் கோப்பிக் கோப்பைக்குள்ளை பாத்துக்கொண்டு இருந்தார்.

நிண்டு பாத்தன். நல்லாத்தான் நிண்டு பாத்தன். நீங்கள் வரேல்லை.

அதுக்குப் பிறகு குந்தியிருந்து எழுதினன். திகதி. பேர்: யோகேஸ்வரி. அது மட்டும்தான், முன்னாலை "ஃப்ராவ்" இல்லை, பின்னாலை உங்கட பேர் இல்லை. ஆக்கள் எண்ட நிரலிலை ஒண்டு எண்டு இலக்கம் போட்டன். கிழவர் எட்டிப் பாத்தார்.

"ஒண்டோ?" எண்டார் மெல்லமா.

"ஓம், ஒண்டு," எண்டன். "மற்றவர் வரேல்லை."

இறங்கேக்கை அவர் சரியான வழியைக் காட்டினார். ஒரு மணித்தியாலம்கூட இல்லை. கார் தரிப்பிலை வந்து என்ர பழைய இடத்திலை நிண்டு தேத்தண்ணியைக் குடிச்சன். சூடாத்தான் இருந்தது. துளசிக்குப் போன் எடுத்துச் சொன்னன், அவள் சத்தம் போட்டுக் குளறினாள். அக்காவுக்கு எடுக்கேல்லை, அவவுக்குத் தானா அறிய வரும்.

தை மாசம் உங்கட ஆட்டைத் திவசத்தை ஒரு குறையும் இல்லாமல் செய்வன். அக்கா சொல்லுற முறைப்படி, ஐயரைக் கூப்பிட்டு, உங்களுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்க் குழம்போடை படைப்பன். அதிலை எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அதுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூனலிலை ஏறுவன், பையிலை ஒரு தேங்காயும் கொண்டு போவன். கோயில் இல்லாட்டிலும் உடைக்கக் கல்லு இருக்கு. ஒரு பாதியைக் கிழவருக்குக் குடுப்பன், மற்றப் பாதியை நான் தின்னுவன்.

ஒண்டை மட்டும் இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு குறை சொல்லக்கூடாது. நான் இனி எத்தினை தரம் ஏறினாலும், எந்த மலையிலை ஏறினாலும், வராத ஆளை வந்ததெண்டு எழுத மாட்டன். பேரை மட்டும் ஒவ்வொரு தரமும் ஒருக்காச் சொல்லிக் கூப்பிடுவன். வந்தால் ரெண்டு எண்டு எழுதுறன்.

இப்பிடிக்கு,
கீழை இருக்க மாட்டன் எண்டு ஏறின உங்கட மனுசி,
யோகேஸ்வரி